காசோலை யார் பெயரில்? அமெரிக்க மாநிலங்களின் பள்ளித் தேர்வுரிமைப் பணமும் அதன் பட்டுவாடாவும்



பொருளியல் துறையின் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் கல்வியும் பொது நிதியும் சேரும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்க மாநிலங்கள் ‘பள்ளித் தேர்வுரிமை’ என்ற பெயரில் குடும்பங்களுக்கு ஒதுக்கும் பணத்தை எடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்று அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கும் வாதமும் நடக்கின்றன. நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. கொடுப்பது என்று முடிவான பிறகு அந்தப் பணம் எந்த வழியாக, யார் கையால், எந்தத் தேதியில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போய்ச் சேர்கிறது என்பதே என் பொருள். நம் அலுவலகங்களில் இதைப் பட்டுவாடா என்போம். தொகையைச் சட்டமன்றம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையை ஏழைக் குடும்பம் எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்பதைப் பட்டுவாடா விதி நிர்ணயிக்கிறது. அந்த விதிகளைப் படித்த அளவில் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்து இது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. அரசுப் பள்ளிக்குப் பிள்ளை போனால் மாநில நிதியும் உள்ளூர் வரியும் செலவை ஏற்கும். தனியார் பள்ளிக்குப் போனால் அது பெற்றோர் பாடு. அரசு ஒரு தொகையைப் பெற்றோர் வழியாகத் தந்து, விரும்பிய பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று 1955இல் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பே, வெர்மான்ட் மாநிலத்தில் 1869 முதலும் மெய்ன் மாநிலத்தில் 1873 முதலும், சொந்தமாகப் பள்ளி நடத்தாத சிற்றூர்கள் தம் பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ சேர்த்துக் கட்டணத்தை அந்தப் பள்ளிக்கே கட்டிவந்தன. அங்கே பணம் பெற்றோரின் கைக்கு வருவதே இல்லை.

பெற்றோரின் தேர்வுப்படி தனியார் பள்ளிக்கு அரசு பணம் தரும் இன்றைய ‘வவுச்சர்’ திட்டங்களின் தொடக்கம் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம், 1990. பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் சட்டமன்ற உறுப்பினர், ஜனநாயகக் கட்சிக்காரர், குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சனோடு கைகோத்துக் கொண்டுவந்த திட்டம் அது. முதல் ஆண்டில் 7 பள்ளிகள், 350க்கும் குறைவான பிள்ளைகள், எல்லோரும் வறிய குடும்பத்தார். மதச் சார்புள்ள பள்ளிகளுக்கு அதில் இடமில்லை. மாநிலம் பணத்தை நேராகப் பள்ளிக்கே அனுப்பியது.

1995இல் சட்டத்தைத் திருத்தி மதப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே திருத்தத்தில் பட்டுவாடா முறையும் மாறியது. இனிக் காசோலை பெற்றோர் பெயரில் எழுதப்படும். ஆனால் அது பெற்றோரின் வீட்டுக்குப் போகாது, தபாலில் பள்ளிக்குப் போகும். தாயோ தந்தையோ பள்ளி அலுவலகத்துக்கு வந்து, காசோலையின் பின்பக்கத்தில் இந்தப் பள்ளியின் உபயோகத்துக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் பள்ளி அதை வங்கியில் போடலாம். பெயர் பெற்றோருடையது, முகவரி பள்ளியுடையது. கையெழுத்துப் போடும் அந்த ஓரிரு நிமிடம் மட்டுமே பணம் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இந்தச் சுற்றுவழி ஏன்? மதப் பள்ளிக்கு அரசு பணம் கொடுத்தது என்று நீதிமன்றத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அரசு பெற்றோருக்குக் கொடுத்தது, பெற்றோர் தம் விருப்பத்தால் பள்ளிக்குக் கொடுத்தார் என்று இருக்க வேண்டும். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1998இல் திட்டத்தை ஏற்றுக்கொண்டபோது இந்தக் காசோலை விவரத்தையும் கருத்தில் கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத் திட்டம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே பணம் பெற்ற பிள்ளைகளில் 96 சதவீதத்தினர் மதப் பள்ளிகளில் சேர்ந்திருந்தார்கள். ஆயினும் 2002 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் திட்டம் நிலைத்தது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின் அச்சாணி, பணம் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது அரசல்ல, தனி மனிதரின் சொந்தத் தேர்வு என்ற கருத்து. காசோலைகள் பெற்றோர் பெயரில் எழுதப்பட்டு, அவர்கள் அவற்றைப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கருவூல எழுத்தரின் மேசையில் முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிற விவரம், ஒரு நாட்டின் அரசியல் சட்ட வழக்கில் எடை பெற்றது. பிற்காலத் திட்டங்களும் அந்தக் கையெழுத்தை விடவில்லை. ஓக்லஹோமா 2023இல் இயற்றிய வரிச்சலுகைச் சட்டத்தில்கூட, காசோலை வரி செலுத்துபவர் பெயரில் எழுதப்பட்டுப் பள்ளி முகவரிக்குப் போக வேண்டும், அவர் அதைப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மில்வாக்கி வாசகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்தார்கள். ஃபுளோரிடாவில் காசோலை போய் மின்னணுப் பரிமாற்றம் வந்துவிட்டது. அங்கேயும் ஒவ்வொரு தொகையையும் பெற்றோர் இணையத்தில் ஒப்புக்கொண்ட பிறகே பள்ளிக் கணக்கில் ஏறும். பேனா போய்ப் பொத்தான் வந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

சில மாநிலங்களில் கையெழுத்தும் போதவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டம் உண்டு. அவற்றில் பல, தனியார் பள்ளிக்கோ மதப் பள்ளிக்கோ பொதுப்பணம் போகக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்தைவிடக் கடுமையாகச் சொல்கின்றன. அரிசோனா 2006இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் வளர்ப்பு இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கும் வவுச்சர் கொண்டுவந்தது. அங்கேயும் பெற்றோர் காசோலையைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் அதைச் செல்லாது என்றது. அந்தக் காசோலையைப் பள்ளியைத் தவிர வேறு எங்கும் கொடுக்க முடியாது, ஆகவே பெற்றோருக்கு உண்மையான தேர்வு இல்லை என்பது நீதிமன்றம் கண்ட குறை.

அந்தத் தீர்ப்பிலிருந்தே அடுத்த வடிவம் பிறந்தது. பணத்தைப் பள்ளிக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல், பெற்றோர் பெயரில் ஒரு கணக்கில் போட்டுவிடுவது. அதிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டலாம், தனிப்பயிற்சி ஆசிரியருக்குக் கொடுக்கலாம், பாடநூல் வாங்கலாம், சிகிச்சைப் பயிற்சிக்குச் செலவிடலாம், மிச்சத்தைப் பின்னால் கல்லூரிக்கு வைக்கலாம். 2011இல் அரிசோனா கொண்டுவந்த இந்தக் கல்விச் சேமிப்புக் கணக்குதான் நாட்டிலேயே முதலாவது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பெற்றோர் கல்வித் துறையோடு ஒப்பந்தம் போட வேண்டும்: பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டேன், வாசிப்பு, இலக்கணம், கணக்கு, சமூக அறிவியல், அறிவியல் கற்பிக்க இந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிடுவேன் என்று. அரசு நிதியில் பிள்ளைக்கு வந்திருக்கக்கூடிய பங்கில் ஏறத்தாழ 90 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் ஏறும். பொதுவாக ஆண்டுக்கு 7,000 டாலரை ஒட்டிய தொகை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதில் அரசு பட்டுவாடாவே செய்வதில்லை. உதவித்தொகை வழங்கும் ஓர் அமைப்புக்கு வரி செலுத்துபவர் நன்கொடை கொடுப்பார். அந்தத் தொகையை அரசு அவருடைய வரியில் கழித்துக்கொள்ளும். அரிசோனா 1997இல் இதைத் தொடங்கியது, ஃபுளோரிடாவும் பென்சில்வேனியாவும் 2001இல் பின்தொடர்ந்தன. பணம் கருவூலத்துக்குள் வரவே இல்லை, ஆகவே பொதுப்பணம் மதப் பள்ளிக்குப் போகிறது என்று வழக்குப் போட வரி செலுத்துபவருக்குத் தகுதி இல்லை என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டமும் இதே வழியைப் பின்பற்றுகிறது: 2027 முதல், இசைவு தரும் மாநிலங்களில் உதவித்தொகை அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு ஒருவருக்கு 1,700 டாலர் வரை வரிக் கழிவு. கருவூலத்தைத் தொடாத பணத்துக்குக் கருவூலத் தணிக்கையின் கண்ணும் எட்டாது. எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. வரிச்சலுகையாக விட்டுக்கொடுத்த வருவாயும் செலவழித்த வருவாய்தான்.

இனி, கணக்கில் இருக்கும் பணம் வெளியே வரும் கதைக்கு வருகிறேன். அரிசோனா முதலில் பெற்றோருக்கு டெபிட் கார்டு கொடுத்தது. ஒவ்வொரு கடைக்கும் வங்கி உலகத்தில் ஒரு வகைக் குறியீடு உண்டு. புத்தகக் கடைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, அழகுசாதனக் கடைக்கு ஒன்று. அனுமதிக்காத குறியீட்டுக் கடையில் கார்டு வேலை செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் குறியீடு கடையைத்தான் அறியும், வாங்கிய பொருளை அறியாது. எல்லாம் விற்கும் பெரிய கடையில் நோட்டுப் புத்தகமும் உதட்டுச் சாயமும் ஒரே பில்லில் வரும். 2018இல் மாநிலத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, 7 லட்சம் டாலருக்கும் மேல் தகாத வழியில் செலவானதைக் காட்டியது. அழகுசாதனப் பொருட்கள், துணிமணி, பணமாகவே எடுக்கப் பார்த்த முயற்சிகள் எல்லாம் அதில் வந்தன. அதே ஆண்டு நவம்பரில், திட்டத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள்.

கார்டுக்கு அடுத்து வந்தது இணையப் பணப்பை. கிளாஸ்வாலட் என்ற நிறுவனத்தின் தளத்தில் பெற்றோர் உள்ளே நுழைந்தால் இருப்புத் தொகை தெரியும். பள்ளியோ ஆசிரியரோ அனுப்பிய கட்டணச் சீட்டைப் பதிவேற்றி நேராக அவர்களுக்குச் செலுத்தச் சொல்லலாம். தளத்திலேயே உள்ள கடைகளில் பொருள் வாங்கலாம். இவை தவிர இன்னொரு வழி: தன் கைப்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டு, ரசீதைப் பதிவேற்றி, அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகு தன் வங்கிக் கணக்கில் திரும்பப் பெறலாம்.

இந்தக் கடைசி வழியில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை கிடையாது. ரசீதைப் பார்த்த பிறகே பணம் போகிறது, தவறென்றால் கொடுக்காமல் விட்டுவிடலாம், வசூலிக்க ஓட வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி. பயிற்சியாளர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர், அரசுத் தளத்தில் பதிவு செய்துகொள்ளாதவர். வாரம் ஒரு வகுப்பு. தாய் ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கொடுக்கிறாள். ரசீதில் பயிற்சியாளரின் தகுதிச் சான்று விவரம் விட்டுப்போயிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அதற்குள் அடுத்த மாத வகுப்புகளும் வந்துவிடும். சேமிப்பு உள்ள குடும்பம் இதைத் தாங்கும். இரண்டு மாத வாடகைக்குச் சமமான தொகை அரசிடம் நிலுவையில் நிற்கும்போது, வாடகை வீட்டில் இருக்கும் தாய் என்ன செய்வாள்? வகுப்பை நிறுத்துவாள். கணக்கில் பணம் அப்படியே இருக்கும், பிள்ளைக்குப் பயிற்சி இருக்காது. அறிக்கையில் இது முறைகேடாகவும் வராது, குறையாகவும் வராது. செலவாகாத இருப்பு என்று மட்டும் வரும்.

முதலில் செலவழி, பின்னால் தருகிறேன் என்ற விதி, ஏற்கெனவே பணம் உள்ளவருக்கு மட்டும் உதவும் விதி. சட்டத்தில் வருமான வரம்பு என்று ஒரு சொல்கூட இல்லாமலே, ஏழைகளை வெளியே நிறுத்திவிடுகிறது. பொது நிதி படிப்பவர்கள் இதற்கு முதலிடம் கொடுத்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடனட்டை வைத்திருப்பவர் அந்த ரசீதுப் பணத்துக்காகக் காத்திருக்கும் காலத்துக்கு வட்டி கட்டுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வட்டியை எந்தத் திட்டமும் திருப்பித் தருவதில்லை.

2022இல் ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்ட சட்டத்தால் அரிசோனாவின் கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது. விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அரசுப் பள்ளியில் படித்திராத பிள்ளைகள் என்று மாநிலக் கல்வித் துறையே சொன்னது. ஏற்கெனவே தனியார் பள்ளிக் கட்டணம் கட்டிவந்த குடும்பங்கள் பல அதில் அடக்கம். 12,000 அளவில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 2024இல் 75,000ஐத் தாண்டியது. ரசீதுகளைப் பார்க்கும் அலுவலகம் அந்த வேகத்தில் வளரவில்லை. பார்க்காத ரசீதுகள் பல்லாயிரக்கணக்கில் தேங்கின. 2024 டிசம்பரில் கல்வித் துறைத் தலைவர் டாம் ஹோர்ன் ஒரு முடிவெடுத்தார்: 2,000 டாலருக்குட்பட்ட ரசீதுகளுக்கு உடனே பணம் கொடுத்துவிடுவது, சரிபார்ப்பதைப் பின்னால் வைத்துக்கொள்வது.

இரண்டு துருவங்களும் ஒரே மாநிலத்தில், ஒரே திட்டத்தில், சில ஆண்டுகளுக்குள். ஒன்று, ஒவ்வொரு பென்சிலையும் பார்த்த பிறகே பணம். மற்றொன்று, பணம் முதலில், பார்வை பிறகு. எந்தப் பொருள் கல்விப் பொருள் என்ற கேள்விக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே தெளிவான பட்டியல் இருந்திருந்தால் இந்த இரண்டுக்கும் தேவை வந்திருக்காது. பனிச்சறுக்கு அனுமதிச் சீட்டும் லெகோ பெட்டியும் வாங்கினார்கள் என்று செய்தி வந்தபோது பெற்றோரைத் திட்டுவது எளிதாக இருந்தது. அவற்றில் பல, அதிகாரிகள் அனுமதித்தவை. விதி தெளிவில்லாத இடத்தில் துணிந்தவர் வாங்குகிறார், பயந்தவர் வாங்காமல் இருக்கிறார். பயப்படுபவர் பெரும்பாலும் அதிகாரிகளோடு வாதாடிப் பழக்கமில்லாத குடும்பத்தவர்.

உண்மையான கொள்ளை வேறு இடத்தில் நடந்தது. 2024 பிப்ரவரியில் அரிசோனா அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸ் ஐந்து பேர்மீது குற்றச்சாட்டு அறிவித்தார். அவர்களில் மூவர் கல்வித் துறையில் வேலை பார்த்தவர்கள். இல்லாத பிள்ளைகளைப் போலிப் பிறப்புச் சான்றுகளோடும் போலி மாற்றுத்திறன் ஆவணங்களோடும் சேர்த்து 6 லட்சம் டாலருக்கும் மேல் எடுத்தார்கள் என்பது வழக்கு. ரசீது சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இதைப் பிடிக்காது. பிள்ளை இருக்கிறதா என்பதைச் சேர்க்கையின்போது, வேறொரு துறையின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிக்கும். வாசலில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பென்சில் ரசீதைத் துருவிக்கொண்டிருந்த அமைப்பு அது. அதன் சுமையைச் சுமந்தவர்கள் நேர்மையான தாய்மார்கள்.

ஓக்லஹோமாவின் அனுபவமும் சொல்லத்தக்கது. கோவிட் காலத்தில் கூட்டாட்சி அரசு தந்த நிவாரண நிதியில் 80 லட்சம் டாலரை எடுத்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தலா 1,500 டாலர் இணையப் பணப்பையாக அந்த மாநிலம் கொடுத்தது. நோக்கம் நல்லது. தளம் அதே கிளாஸ்வாலட். தொலைக்காட்சிப் பெட்டி, விளையாட்டுக் கருவி, கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் வாங்கப்பட்டன. கூட்டாட்சித் தணிக்கையாளர்கள் 6 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட செலவைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மாநிலம் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. பொருட்களுக்கு வரம்பு வைக்கட்டுமா என்று நிறுவனம் கேட்டிருந்ததும், மாநிலத் தரப்பிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒட்டுமொத்த அனுமதி போயிருந்ததும் வெளியே வந்தன. 2023இல் பதவியேற்ற புதிய அட்டர்னி ஜெனரல் வழக்கைத் திரும்பப் பெற்றார். பட்டுவாடாவைத் தனியார் தளத்துக்குக் கொடுக்கலாம். எது தகும், எது தகாது என்று சொல்லும் பொறுப்பை மாநிலம் யாருக்கும் கொடுத்துவிட முடியாது.

தளம் நடத்தும் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் நிர்வாக அமைப்பு 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் தொடக்கத்தில் இடம் தந்தது. டெக்சாஸ் 5 சதவீதம் என்கிறது. ஆர்கன்சா 2024இல் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி, புதிய நிறுவனம் குறித்த காலத்தில் வேலையை முடிக்காததால் அதே ஆண்டில் பழைய நிறுவனத்துக்கே திரும்பியது. கல்வியாண்டின் நடுவில் தளம் மாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு பள்ளியின் நிர்வாகியிடம் கேட்டால் தெரியும். ஆசிரியர் சம்பளத் தேதி தளத்துக்காகக் காத்திருக்காது.

தேதி என்றதும் தென் கரோலினா நினைவுக்கு வருகிறது. அந்த மாநில அரசியல் சட்டம் தனியார் கல்வி நிறுவனத்தின் நேரடி நன்மைக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்கிறது. அதைத் தாண்டுவதற்காக ஓர் அறநிதி, அதிலிருந்து பிள்ளைக்கு 6,000 டாலர் கணக்கு, இணையத் தளம் என்று அடுக்கடுக்காக அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன, பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். செப்டம்பர் 11 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: எத்தனை கை மாறினாலும் கட்டணம் போய்ச் சேருவது தனியார் பள்ளிக்குத்தான், ஆகவே செல்லாது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான பட்டுவாடா அத்தோடு நின்றது. மில்வாக்கியில் காப்பாற்றிய கையெழுத்து இங்கே காப்பாற்றவில்லை. பருவத்தின் நடுவில் பிள்ளையை எங்கே மாற்றுவது என்று தவித்த குடும்பங்களுக்கு நன்கொடையாளர்கள் வந்து கைகொடுத்தார்கள். நீதிமன்றத்தின்மீது எனக்குக் குறையில்லை, அது தன் சட்டத்தைப் படித்தது. இப்படி ஒரு தீர்ப்பு வரக்கூடும் என்று தெரிந்தே, ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆண்டு முடிய என்ன வழி என்று எழுதிவைக்காமல் திட்டத்தைத் திறந்தவர்கள்மீதுதான் குறை.

டெக்சாஸ் 2025 மே மாதத்தில் சட்டம் இயற்றி 100 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே திட்டத்தை நடத்துவது கல்வித் துறையல்ல, மாநிலத்தின் நிதிக் கணக்கு அலுவலகம். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 டாலரை ஒட்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 30,000 டாலர் வரை, வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு 2,000 டாலர். தவணை நாட்களைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இது நல்ல முன்னேற்றம்.  முதல் பட்டுவாடா 2026-27 கல்வியாண்டுக்கு.

எல்லோருக்கும், வருமானம் பாராமல், என்ற போக்கில் எனக்குத் தயக்கம் உண்டு. மில்வாக்கித் திட்டத்தின் தாயான பாலி வில்லியம்ஸே பிற்காலத்தில் வருமான வரம்பை நீக்குவதை எதிர்த்தார். ஆனால் ஒரு மாநிலம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டால், எனக்குத் தோன்றும் முறை இதுதான். பள்ளிக் கட்டணம் பள்ளிக்கே, பள்ளி திறக்கும் முன், பெற்றோரின் ஒப்புதலோடு போக வேண்டும். சிகிச்சைப் பயிற்சியாளர்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைத் துறை ஏற்க வேண்டும், தாயின் தலையில் கட்டக் கூடாது. ரசீது காட்டித் திரும்பப் பெறுவது சிறு தொகைகளுக்கு மட்டும், அதுவும் இத்தனை நாளுக்குள் பணமோ மறுப்போ வரவில்லை என்றால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்ற விதியோடு.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஏற்பாடு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது பள்ளிக்குத் திருப்பித் தரப்படும். இங்கே காசோலை பெற்றோர் பெயரில் இல்லை. கைப்பணம் போட்டுக் காத்திருப்பது பள்ளி. ஆனால் அந்தக் காத்திருப்பின் வலி பிள்ளைக்கு வராமல் இருப்பதில்லை. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதித் தகராறால் 2025-26இல் தமிழ்நாட்டில் இந்த இடங்களுக்கான சேர்க்கை, பள்ளிகள் திறந்து நான்கு மாதம் ஆன பிறகு, அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூன் மாதத்தில் எல்.கே.ஜி. சேர வேண்டிய குழந்தைக்கு அந்த நான்கு மாதம் திரும்பி வராது.

இங்கே இருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வி நிதியைப் பற்றி எழுதும்போது ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் ஆய்வேட்டில் இன்னொரு பத்தியையும் சேருங்கள்: பணம் கடைசியாகப் பள்ளியின் அல்லது குடும்பத்தின் வங்கிக் கணக்கில் ஏறிய தேதி. ஒரு மாவட்டத்தில் பத்துப் பள்ளிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தாலே தொடங்கிவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தத் தேதிகளைத் தர வேண்டியது அரசு அலுவலகங்களின் கடமை. கேளுங்கள்.